மூன்றாம் ஓலை

பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
17 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். பிரஷர் மாத்திரையும் கையுமாக ஓடித் திரிகிறேன். உங்கள் முழங்கால் எப்படி? டொக்டர் சொன்னபடி நடக்கிறீர்களா, இல்லை நடந்ததாக அண்ணியிடம் சொல்லிவிட்டுக் காருக்குள் பாட்டுக் கேட்கிறீர்களா? மகள் நிலக்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

இதை ஃபோனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நான் வைத்துவிடுவேன். கடிதம் என்றால் நீங்கள் கடைசிவரை வாசித்துத்தான் ஆக வேண்டும்.

நான் அலோசியஸைக் கல்யாணம் செய்யப்போகிறேன்.

என் புருஷன் ஜெயந்தன் இறந்து இருபத்துநாலு வருடமாகிறது. மகள் டிலானிக்கு அப்போது நாலு வயது. இன்று அவள் ஹூஸ்டனில் தன் பாட்டைத் தானே பார்க்கிறாள். எனக்கு ஐம்பத்தைந்து. அலோசியஸுக்கு அறுபது, கல்யாணமே கட்டாத மனிதர், எடிசனில் ஃபார்மசி வைத்திருக்கிறார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றுதான்: நான்தான் கேட்டேன். போன வருடம் பனி தள்ள வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு நேரே கேட்டேன். அவர் பயந்துபோய், "டிலானிக்கு நான் ஞானத்தகப்பன் அல்லோ?" என்றார். அந்தப் பயம் தெளிய அவருக்கு ஒரு வருடம் எடுத்தது.

இங்கே மாதம் ஒருமுறைதான் தமிழ்ப் பூசை. அதனால் கல்யாண அறிவிப்பு ஓலை மூன்றையும் கோயிலில் வாசித்து முடிக்க மூன்று மாதமாகும். முதல் ஓலை சனவரி இரண்டாம் ஞாயிறு. ஈஸ்டர் முடிந்து, ஏப்ரல் 26 கல்யாணம். நீங்கள் வர வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை,
நேசமலர்


ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
30 நவம்பர் 2024

தங்கச்சி நேசத்துக்கு,

ஆண்டவன் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. உன் பிரஷர் பற்றிக் கவலை. உப்பைக் குறை.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அண்ணிக்குக் காட்டவில்லை. காட்டினால் அவள் வாய் ஃபிரிஸ்கோ முழுக்கப் போகும்.

நீ மறுமணம் செய்வதை நான் தடுக்கவில்லை. அப்படிப் பழைய ஆள் நான் இல்லை. பத்து வருடம் முன்பு டொரொன்டோவில் ஒரு நல்ல மனிதரை நானே பார்த்துச் சொன்னேன், நீதான் கண்டுகொள்ளவில்லை. ஆனால் அலோசியஸ் யார்? பிள்ளையின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியடியில் பிள்ளையைத் தூக்கிப் பிடித்தவன் தாய்க்குக் கூடப்பிறந்தவன் முறை. எங்கள் ஆட்களில் இப்படி ஒன்று நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்த இருபது முப்பது வருடமும் அவர் உன் வீட்டுக்கு வந்துபோனபோது ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? ஞானத்தகப்பன் என்றபடியால்தான். இப்போது அவர்கள் எல்லாவற்றையும் பின்னோக்கி யோசிப்பார்கள்.

இது எப்போது தொடங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இந்த எண்ணத்தை விடு. கிறிஸ்மஸுக்கு இங்கே வா, ஆறுதலாகக் கதைப்போம்.

அன்புடன்,
வரதராஜா


பிரிட்ஜ்வாட்டர்
8 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உப்பைக் குறைத்துவிட்டேன், பிரஷர் குறையவில்லை. காரணம் உப்பு இல்லை என்று நினைக்கிறேன்.

"கேட்கவில்லை" என்று எழுதிக் கேட்டுவிட்டீர்கள். பதில்: டிலானி ஹூஸ்டனுக்குப் போனபிறகு. அதற்கு முன்பு எங்கள் இரண்டு பேருக்கும் நேரமே இருக்கவில்லை.

இனி அந்த "கூடப்பிறந்தவன் முறை". அண்ணா, நீங்கள் கேலி செய்யும் என் படிப்பு கடைசியில் உங்களுக்கே உதவப்போகிறது. கவுண்டி காலேஜில் இடைக்கால ஐரோப்பாவின் திருச்சபை வரலாற்றைப் பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சட்டம் வேதாகமத்தில் எங்கேயும் இல்லை. 692இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் ஆயர்கள் கூடி, ஞானத்தகப்பன் பிள்ளையின் தாயைக் கட்டக்கூடாது என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் ரோமும் பிராங்கு அரசர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அது போர்த்துக்கேயரோடு கப்பலேறி எங்கள் கரைக்கு வந்தது. நாங்கள் அதை ஏதோ எங்கள் இரத்தத்தில் ஊறியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெண்கள் அப்போதும் சும்மா இருக்கவில்லை. 813இல் ஷலோன் என்ற பிரெஞ்சு ஊரில் கூடிய ஆயர்கள் ஒரு விஷயத்தைக் கோபத்தோடு எழுதிவைத்திருக்கிறார்கள். சில மனைவிமார், உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கின்போது தங்கள் பிள்ளையைத் தாங்களே தூக்கிக்கொண்டு நின்றார்களாம். ஏன்? "இனி நான் என் பிள்ளைக்கு ஞானத்தாய், அதனால் புருஷனுக்குச் சகோதரி முறை, ஒரே வீட்டில் இருக்கக்கூடாது" என்று சொல்லிக் கழன்றுகொள்ள! ஆயர்கள் அவர்களுக்குத் தவம் விதித்துப் புருஷனிடமே திருப்பி அனுப்பினார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெண்களைக் கட்டிப்பிடிக்கத் தோன்றும். ஆண்கள் கட்டிய வேலியைப் பிடுங்கி ஏணியாக வைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, 1983இல் வந்த புதிய சட்டத்தில் திருச்சபை இந்தத் தடையையே எடுத்துவிட்டது. பாப்பரசர் கைவிட்டதை நீங்கள் ஃபிரிஸ்கோவில் பிடித்து வைத்திருக்கிறீர்கள்.

ஓலை வாசிப்பதும் 1215இல் ரோமில் கூடிய பெரிய சங்கம் எல்லா ஊருக்கும் போட்ட சட்டம்தான். தடை தெரிந்தவர் வந்து சொல்லட்டும் என்பதற்காக. உங்களுக்கு அப்படி ஒன்று தெரிந்தால் ஃப்ளைட் ஏறி வந்து எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள். ஃபோனில் குசுகுசுக்க வேண்டாம்.

கிறிஸ்மஸுக்கு வரவில்லை. அண்ணிக்கு அன்பு.

நேசமலர்


ஃபிரிஸ்கோ
20 டிசம்பர் 2024

நேசத்துக்கு,

சுகம். நீயும் சுகமென்று நம்புகிறேன்.

உன் வகுப்பில் இருக்க நான் ஃபீஸ் கட்டவில்லை. சட்டம் வேறு, சனம் வேறு. பாப்பரசர் வந்து நிலக்சிக்கு மாப்பிள்ளை பார்த்துத் தரப்போவதில்லை.

இதைச் சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். கலிபோர்னியாவில், டப்ளினில் ஒரு இடம் பொருந்தி வந்திருக்கிறது. பெடியன் டொக்டர். தாய் மன்னார்ப் பக்கம், பூசை பிரார்த்தனை, முறை எல்லாம் பார்க்கிற ஆள். நிலக்சியும் அவனும் இரண்டு தரம் சந்தித்துவிட்டார்கள். இந்த நேரத்தில் மாமிக்காரி தன் பிள்ளையின் ஞானத்தகப்பனைக் கட்டுகிறாள் என்று போனால் என்ன ஆகும்? உன் மருமகளையாவது யோசி.

அண்ணி செய்த கேக்கை இம்முறை உனக்கு நான் அனுப்பப்போவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

வரதராஜா


பிரிட்ஜ்வாட்டர்
14 சனவரி 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். எனக்குத் தடிமன் பிடித்து விட்டது. உங்களுக்கு அங்கே குளிர் இல்லை, கொடுத்துவைத்தவர்கள்.

கேக் வரவில்லை. நானே சுட்டேன். நடுவில் வேகவில்லை. நானும் அலோசியஸும் பிடிவாதமாகத் தின்று முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். ஃபாதர் எங்கள் இரண்டு பேர் பெயரையும் சொன்னதும் கோயிலுக்குள் தலைகள் எங்கள் பக்கம் திரும்பின. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் இருமினார்கள். பூசை முடிந்து கீழே மண்டபத்தில் தேத்தண்ணி மேசையடிக்குப் போனேன். நான் கொண்டுபோன ரோல்ஸ் தட்டில் ஒருவரும் கைவைக்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேருக்குத் திடீரென்று காரில் ஏதோ மறந்துபோன ஞாபகம் வந்தது. பிலோமினா அன்ரி மட்டும் கிட்ட வந்து, "பிள்ளை, உன்ர அண்ணர் ஃபோன் எடுத்தவர். பாவம், அழுகிறார். நீ ஏன் இப்பிடி விசர் வேலை செய்யிறாய்?" என்றா.

"அன்ரி, ரோல்ஸ் எடுங்கோ, ஆட்டிறைச்சி" என்றேன். எடுத்தா. தின்றுகொண்டே திட்டினா.

அலோசியஸ் கையில் கோப்பையோடு சுவரோரம் தனியாக நின்றார். எத்தனை வருடம் அந்த மண்டபத்தில் அவர் கதிரை அடுக்கியிருக்கிறார்! நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வந்தது அண்ணா, அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் அங்கே அழவில்லை, காரில் ஏறி 287 நெடுஞ்சாலையைப் பிடித்தபிறகுதான் அழுதேன்.

நிலக்சியின் விஷயம் நல்லபடி அமையட்டும் என்று உண்மையாகவே மன்றாடுகிறேன். ஆனால் என் கல்யாணம் அதை முறித்துவிடும் என்றால் அது என்ன கல்யாணம்?

மேலும் யாருக்கெல்லாம் ஃபோன் எடுத்தீர்கள் என்று சொன்னால் அவர்களுக்கும் சேர்த்து ரோல்ஸ் செய்வேன்.

நேசமலர்


ஃபிரிஸ்கோ
2 பெப்ரவரி 2025

என் அன்புத் தங்கச்சி நேசத்துக்கு,

தடிமன் விட்டதா? இஞ்சி போட்டுக் குடி. இங்கே நாங்கள் மிக்க நலம். எனக்கு முழங்கால் நோவே மறந்துபோயிற்று. ஏன் என்று கேள்.

கடைசியில் அண்ணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்தாள். "விசரோ உங்களுக்கு? டிலானியின்ர ஞானத்தகப்பன் நீங்களெல்லோ!" என்றாள்.

தொண்ணூற்றாறு சனவரி. அந்தப் பெரிய பனிப்புயல். உன் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க நான் டாலஸில் ஃப்ளைட்டுக்குக் காத்திருந்தேன், எல்லா ஃப்ளைட்டையும் நிறுத்திவிட்டார்கள். பிள்ளை மஞ்சள் காமாலையோடு கிடந்தாள் என்று நீங்கள் தள்ளிப்போடப் பயந்தீர்கள். என் பிரதியாளாகத்தான் அலோசியஸ் பிள்ளையைத் தூக்கினார். ஃபாதர் என் பெயரைச் சொல்லித்தான் ஞானஸ்நானம் நடந்தது. நாளடைவில் எல்லோரும் அவரையே ஞானத்தகப்பன் என்று கூப்பிட, எனக்கே மறந்துவிட்டது பார்!

ஆகவே பழைய சட்டப்படியும் ஒரு தடையும் இல்லை. அவர் வெறும் பிரதியாள். டப்ளின் ஆட்களுக்கு இதைச் சொல்லிவிட்டேன், அந்த அம்மாவுக்கு முழுத் திருப்தி. பிலோமினா அன்ரிக்கும் சொன்னேன். நீயும் கேட்கிறவர்களுக்கு இதையே சொல்: அவர் ஞானத்தகப்பன் இல்லை, அண்ணாவுக்காக ஐந்து நிமிடம் நின்றவர். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம்.

கேக் பார்சலில் வருகிறது.

மகிழ்ச்சியுடன்,
உன் அண்ணா


பிரிட்ஜ்வாட்டர்
10 பெப்ரவரி 2025

அண்ணாவுக்கு,

சுகம். கேக் வந்தது. நேற்று இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. என் ரோல்ஸ் தட்டு காலியானது, எல்லோரும் கை குலுக்கினார்கள். பிலோமினா அன்ரி, "பிரதியாளாமே! முந்தியே சொல்லியிருக்கலாமே" என்றா. எனக்குத் தட்டைத் தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

அது எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பிள்ளையைப் பெற்றவள் நான். யார் தூக்கினார், யார் பெயரில் தூக்கினார் என்று எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன். நீங்கள் "ஞானத்தகப்பன், ஞானத்தகப்பன்" என்று குதித்த முதல் கடிதத்துக்கே, "அது நீங்கள்தானே அண்ணா" என்று ஒரு வரி எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எழுதவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

ஃபாதர் ஞானத்தகப்பனிடம் என்ன கேட்கிறார்? இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வீரா என்று. அந்தக் கேள்விக்கு அலோசியஸ் உங்கள் பெயரில்தான் "ஓம்" சொன்னார். முழங்கால் மட்டும் பனிக்குள் நடந்து வந்து சொன்னார். ஆனால் அதைச் செய்தது அவர். ஜெயந்தன் இறந்த கிழமை டிலானி சாப்பிடாமல் இருந்தபோது ஃபார்மசியைப் பூட்டிவிட்டு வந்து ஊட்டியது அவர். பள்ளிக்கூடத்தில் தகப்பனைக் கூட்டிவரச் சொன்ன நாளெல்லாம் போய் நின்றது அவர். பார்க்கிங் லொட்டில் அவளுக்குக் கார் ஓட்டப் பழக்கி மூன்று தரம் வேலியில் இடிக்க விட்டது அவர். நீங்கள் கெட்டவர் இல்லை அண்ணா. நீங்கள் மறந்துவிட்டீர்கள். ஞானத்தகப்பன் என்பதையே மறக்கிற அளவுக்கு மறந்துவிட்டீர்கள். ஒரு பிறந்தநாள் கார்ட் வரவில்லை. இப்போது உங்களுக்குத் தேவையென்றதும் அந்தப் பெயரைத் திருப்பிக் கேட்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை அலோசியஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "உங்களுக்கு அது லேசெண்டால் அப்பிடியே சொல்லுவம், நேசம்" என்றார். டிலானியின் தகப்பனாக வாழ்ந்த அத்தனை வருடத்தையும் எனக்காக விட்டுக்கொடுக்கத் தயாராக நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபிறகுதான் எனக்கு உண்மையாகக் கோபம் வந்தது.

அந்தக் காலத்து ராஜாக்கள் இதைத்தான் செய்தார்கள். மனைவி வேண்டாமென்றால் உறவுமுறை கண்டுபிடிப்பார்கள், வேண்டுமென்றால் ஓட்டை கண்டுபிடிப்பார்கள். நான் ராஜா இல்லை. ஓட்டைக்குள்ளால் குனிந்து போய் எனக்குக் கல்யாணம் வேண்டாம். நான் கட்டப்போவது என் பிள்ளையின் ஞானத்தகப்பனைத்தான். கேட்கிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்.

நேசமலர்


ஃபிரிஸ்கோ
1 மார்ச் 2025

நேசத்துக்கு,

சுகம்.

நீ எழுதியதற்கு நான் பதில் எழுதப்போவதில்லை. எழுதவும் வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் சொன்னதை நீ சொல்ல வேண்டாம். மறுத்தும் சொல்லாதே. வாயை மூடிக்கொண்டிரு. மூன்றாம் ஓலை முடியட்டும். டப்ளினில் நாள் குறிக்கிற நிலை. உன்னிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

வரதராஜா


பிரிட்ஜ்வாட்டர்
10 மார்ச் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே உங்களுக்கு வாட்ஸாப்பில் வந்திருக்கும். ஆனாலும் என் வாயாலும் கேளுங்கள்.

நீங்கள் கேட்டபடி இருக்கத்தான் போனேன். உண்மையாக. நிலக்சியின் முகத்தை நினைத்துக்கொண்டுதான் கோயில் வாங்கில் இருந்தேன். ஹூஸ்டனிலிருந்து டிலானியும் வந்திருந்தாள். பூசைக்கு முன்பு வாசலில் யாரோ ஒருவர், தெரியாத மனிதர், சிரித்துக்கொண்டு அலோசியஸிடம், "அப்ப நீங்கள் சும்மா டூப்புத்தானோ?" என்றார். அலோசியஸ் சிரித்தார். "ஓம், டூப்புத்தான்" என்றார். டிலானி தமிழில் பதில் சொல்ல மாட்டாள், ஆனால் ஒரு சொல் விடாமல் விளங்கும். அவள் என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான் அண்ணா, என் பொறுமை.

ஃபாதர் மூன்றாம் ஓலையை வாசித்து, "இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்" என்றார். நான் எழும்பினேன்.

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கல்யாணப் பொம்பிளையே தடை சொல்ல எழும்பி அவர் கண்டதில்லை போலிருக்கிறது.

"ஃபாதர், எனக்கு ஒண்டு தெரியும். எல்லாரும் கேக்கட்டும். இவர் என்ர பிள்ளையின்ர ஞானத்தகப்பன். பேருக்கு வேறை ஆள் இருக்கலாம். என்ர பிள்ளையை ஞானத்தகப்பனா நிண்டு வளர்த்தது இவர்தான். அது தடையெண்டால் இப்பவே சொல்லுங்கோ. தடையில்லையெண்டால் இனி ஒருத்தரும் இவரை டூப்பு எண்டு சொல்லப்படாது."

முன்வாங்கைப் பிடித்தபடி நின்றேன்.

ஃபாதர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு, "இதில் திருச்சபைக்கு ஒரு தடையும் இல்லை, அம்மா. இருங்கள்" என்றார். நான் இருக்கவில்லை. டிலானி பக்கத்தில் எழும்பி நின்றாள். அலோசியஸ் முகத்தைக் கைலேஞ்சித் துணியால் மூடிக்கொண்டிருந்தார். இந்த முப்பது வருடத்தில் அந்த மனிதர் அழுது நான் முதல்முறை பார்க்கிறேன்.

நிலக்சியிடம் மன்னிப்புக் கேட்டுத் தனியாக எழுதியிருக்கிறேன். உங்களிடம் கேட்கவில்லை.

நேசமலர்


ஃபிரிஸ்கோ
29 மார்ச் 2025

நேசத்துக்கு,

நாங்கள் சுகம். உன் பிரஷர் பற்றிக் கேட்கிறேன், எழுது.

வீடியோ வந்தது. டப்ளினிலிருந்து அந்த அம்மா ஃபோன் எடுத்தா. "நீங்கள்தான் ஞானத்தகப்பன் எண்டு சொன்னீங்கள். உங்கட தங்கச்சி கோயிலில் வேறை கதை சொல்லுறா. எது உண்மை?" என்றா. நான் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தேன். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. நிலக்சி வாங்கி, "மாமி சொன்னதுதான் உண்மை. அவவின்ர கல்யாணத்துக்கு நான் போறன். உங்கட மகனையும் வரச் சொல்லுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள். இத்தனை தமிழ் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. தாய் முடியாது என்கிறா. பெடியன் நிலக்சியோடு இன்னும் கதைக்கிறானாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கோபம் ஆறவில்லை. நீ பிறந்தநாள் கார்ட் பற்றி எழுதியது மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது.

மூன்று பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். தகப்பன் இல்லாத இடத்தில் உன் கையைப் பிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிப்போவது என் கடமை. அதைச் செய்ய விடு.

அண்ணா


பிரிட்ஜ்வாட்டர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பிரஷர் குறைந்துவிட்டது. டொக்டர் மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். உப்பை மறுபடி கூட்டிவிட்டேன். உங்கள் முழங்காலுக்கு இங்கே மேல்மாடி ஏறத் தேவையில்லை, கீழறையை உங்களுக்கும் அண்ணிக்கும் ஒதுக்கியிருக்கிறேன்.

வாருங்கள். நீங்கள் வருவது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. நீங்கள் வராமல் கல்யாணம் நடந்திருந்தாலும் நான் சிரித்துக்கொண்டுதான் நின்றிருப்பேன், ஆனால் வாசலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

என் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது டிலானி. அதை மாற்ற மாட்டேன். நீங்கள் முன்வாங்கில், அண்ணிக்கும் நிலக்சிக்கும் நடுவில் இருங்கள். உங்களுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன்.

டப்ளின் அம்மா கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலும் சொல்லவில்லை, தேடிப் பார்த்தேன். வரவேற்பில் முதலில் பேசுவது பெண் வீட்டுக்கு மூத்தவர். மைக்கை உங்கள் கையில்தான் தருவேன். நீங்கள் ஃபோன் எடுத்த அத்தனை பேரும் அந்த மண்டபத்தில் இருப்பார்கள், எல்லோரையும் அழைத்திருக்கிறேன். அலோசியஸ் டிலானிக்கு யார் என்று சொல்லித் தொடங்குங்கள். பிறகு என்ன வேண்டுமானாலும் பேசுங்கள்.

அதைச் சொல்லாமல் விட்டீர்களென்றால், நான் மறுபடியும் எழும்புவேன்.

என்றும் உங்கள் தங்கை,
நேசமலர்